பழந்துணியும் பயன் தரும்

"கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது நம் முன்னோர் மொழி. தூய்மையைப் பற்றிய பழமொழி என்றே இதனை நாம் அறிவோம். ஆனால் இதில் இன்னொரு பாடமும் அடங்கியுள்ளது. கந்தை என்பது வெட்கப்பட்டு வீசியெறிய வேண்டிய பொருள் அன்று. துவைத்து, தைத்து, பேணிப் பயன்படுத்த வேண்டிய பொருள் என்பதே அப்பாடம்.

இன்று கடைகளில் ஆயத்த ஆடைகள் மலிவாகக் கிடைக்கின்றன. பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று, பிறந்த நாளுக்கு ஒன்று என்று வாங்குகிறோம். பீரோ நிறைகிறது, பழந்துணி மூட்டை பரண் மேல் ஏறுகிறது. பின்னர் ஒரு நாள் அது குப்பைத் தொட்டிக்கோ ஓடைக்கரைக்கோ போய்ச் சேருகிறது. அந்த மூட்டைக்குள் எத்தனை செல்வம் இருக்கிறது, அதனை வெளிக்கொணர ஓர் ஊசியும் நூலும் எவ்வாறு உதவும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நம் ஊரும் துணியும்

துணியின் அருமையைச் சங்கரன்கோவில் மாணவியருக்கு நாம் அதிகம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விசைத்தறியின் ஓசை கேட்காத தெரு நம் ஊரில் குறைவு. பருத்திச் சேலை நெய்து பிழைக்கும் குடும்பங்கள் இங்கும், அருகிலுள்ள புளியங்குடி, சிந்தாமணி ஆகிய ஊர்களிலும் பல உள்ளன. உங்களுள் பலருடைய தந்தையோ தாத்தாவோ பாவு ஓட்டியவராகவும், உங்கள் பாட்டி நூல் சுற்றியவராகவும் இருக்கக் கூடும்.

நம் ஊருக்குக் கிழக்கே கோவில்பட்டிப் பக்கம் விரிந்து கிடக்கும் கரிசல் நிலம் பருத்திக்குப் பெயர் பெற்றது. 'கருங்கண்ணி' என்னும் பருத்தி வகை அம்மண்ணுக்கே உரியது. தெற்கே விக்கிரமசிங்கபுரத்தில், பாபநாசத்தில் விழும் தாமிரபரணி நீரின் விசையைக் கொண்டு ஹார்வி சகோதரர்கள் 1880-களில் நூற்பாலை அமைத்தார்கள். அவர்களுடைய ஆலைகள் பின்னர் மதுரை மில்ஸ் என்று வளர்ந்து, 1974-இல் மதுரா கோட்ஸ் என்ற நிறுவனமாயின. தையல் நூலுக்கு அப்பெயர் புகழ் பெற்றதாயிற்று. ஆக, பருத்தி விளைவது, நூலாவது, துணியாவது, தைக்கப்படுவது ஆகிய நான்கும் நம்மைச் சுற்றியே நடைபெற்று வந்துள்ளன.

தையற்கலைக்கும் இப்பகுதியில் நீண்ட வரலாறு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அவருடைய மகள் எலைசா, மொழியறிஞர் கால்டுவெல் அவர்களை 1844-இல் மணந்து இடையன்குடிக்கு வந்து, அங்குள்ள பெண்களுக்கும் அக்கலையைப் பயிற்றினார். 1897-இல் பெல்ஜியம் நாட்டிலிருந்து முளகுமூட்டுக்கு வந்த அன்னை மரி லூயிஸ் டி மெஸ்டர் அவர்களின் கன்னியர் மடமும் லேஸ், பூத்தையல் வேலைகளுக்குப் புகழ் பெற்றது. கல்வியே மறுக்கப்பட்டிருந்த பெண்களுக்கு ஊசி ஒரு கூலியையும், அந்தக் கூலி ஒரு மரியாதையையும் ஈட்டிக் கொடுத்தது என்பதை நாம் மறத்தலாகாது.

கந்தையிலிருந்து கலை

பழந்துணிகளை அடுக்கிப் போர்வையாகத் தைப்பது நம் நாட்டின் பல பகுதிகளில் தொன்றுதொட்டு வரும் வழக்கம்.

வங்காளத்துப் பெண்கள் நைந்த சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓடு தையல் இட்டுக் 'காந்தா' என்னும் போர்வையைச் செய்தனர். அதற்கு வேண்டிய வண்ண நூலையும் விலைக்கு வாங்கவில்லை. பழைய சேலைக் கரையிலிருந்தே உருவி எடுத்தனர். தாமரை, மீன், யானை, தேர் என்று தாம் கண்டவற்றையெல்லாம் அதில் வரைந்தனர். நாம் 'கந்தை' என்று சொல்லும் சொல்லும் இந்தக் 'காந்தா'வும் உறவுடைய சொற்களே. பீகாரில் இதனைப் போன்றதைச் 'சுஜனி' என்றும், மராட்டியத்தில் 'கோதடி' என்றும், வட கர்நாடகத்தில் 'கவுதி' என்றும் அழைப்பர்.

கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் முதலிய வட்டங்களில் சித்தி என்னும் மக்கள் வாழ்கின்றனர். இவர்களுடைய மூதாதையர் பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டவர்கள். இச்சமூகப் பெண்கள் 'கவந்தி' என்னும் போர்வையைத் தைக்கின்றனர். ஒரு பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, கிழிந்த ஆடைகளின் துண்டுகளை ஓரமாக ஒட்டுவைத்துத் தைத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுப்பகுதியை அடைவார்கள். கடைசியாக நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்து வைத்துத் தைப்பார்கள். அதற்குப் 'பூலா', அதாவது பூ, என்று பெயர். மூலையில் பூ இல்லாத போர்வை ஆடையற்றது போன்றது என்பது அவர்கள் எண்ணம். உடுத்திக் கிழித்த துணியில் உருவான பொருளுக்கும் பூச்சூட்டி நிறைவு செய்யும் அந்த ஏழைத் தாய்மாரின் உள்ளம் எத்துணை உயர்ந்தது!

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர் உள்ளது. அங்குள்ள கறுப்பினப் பெண்கள் வயல் வேலைக்கு உடுத்திய காற்சட்டைகளையும் மாவுச் சாக்குகளையும் வெட்டிப் போர்வை தைத்துத் தம் மக்களைக் குளிரிலிருந்து காத்தனர். 2002-இல் அப்போர்வைகள் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது கலை அறிஞர்கள் வியந்தனர். 2006-இல் அமெரிக்க அரசு அவற்றை அஞ்சல் தலைகளில் அச்சிட்டது.

தமிழகத்திலும் துணி ஒட்டுவேலை உண்டு. கோவில் தேர்களில் உருளை வடிவமாகத் தொங்கும் தொம்பைகளைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளைத் துணிகளை உருவங்களாக வெட்டி ஒட்டுவைத்துத் தைக்கும் அந்தக் கலைக்குத் தஞ்சைப் பகுதி பெயர் பெற்றது. நம் வீடுகளிலோ பழைய சேலை தூளியாகிறது. பழைய வேட்டி பச்சிளங் குழந்தைக்கு விரிப்பாகிறது. கந்தல் சும்மாடாகவும், விளக்குத் திரியாகவும், அடுப்படியில் பிடிதுணியாகவும் ஆகிறது. பலமுறை துவைத்த பருத்தித் துணியில் கஞ்சி முழுதும் நீங்கி இழைகள் இளகியிருப்பதால் அது குழந்தையின் தோலுக்கு இதமாக இருக்கிறது. பாட்டிமார் புதுத்துணியை விட்டுப் பழந்துணியைத் தேடியது கஞ்சத்தனத்தால் அன்று, அறிவினால்தான்.

முதலில் துணியை அறிவோம்

ஊசியை எடுப்பதற்கு முன் மூன்று செய்திகளை அறிந்துகொள்ள வேண்டும்.

1. பருத்தியா, செயற்கை இழையா? இன்று நாம் உடுத்தும் பல துணிகளில் பாலியெஸ்டர் கலந்திருக்கிறது. ஐயம் வந்தால் துணியின் ஓரத்தில் நாலைந்து இழைகளை உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்திற்கு மேலே வைத்துக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம்போல் எரிந்து, காகிதம் எரியும் மணத்துடன் மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியபின் கெட்டியான மணிபோல் ஆகும். இச்சோதனையை அம்மாவோ அக்காவோ அருகில் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும்.

இது வெறும் ஆராய்ச்சி அன்று. உயிரைக் காக்கும் அறிவு. செயற்கை இழைச் சேலையை நாலாக மடித்துப் பிடிதுணி தைத்து அடுப்படியில் வைத்தால், தீப்பட்டவுடன் அது உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். அதன் புண் எளிதில் ஆறாது. ஆகவே அடுப்படிக்கும் குழந்தையின் படுக்கைக்கும் பருத்தி ஒன்றே தகும். செயற்கைத் துணிகளைக் கைப்பைக்கும், காலடி விரிப்புக்கும், மிஷினுக்கு உறைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

2. இழை ஓடும் திசை. தறியில் நீளவாக்கில் கட்டப்படுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. துணியைப் பாவின் திசையில் இழுத்துப் பாருங்கள்; பெரும்பாலும் நீளாது. ஊடையின் திசையில் சற்றே இளகும். மூலைக்கு மூலை இழுத்தால் நன்றாக நீளும். சதுரத் துண்டுகளை இழைக்கு நேராகவே வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டினால் தைக்கும்போது துண்டு நீண்டு, போர்வை கோணிப் போகும். கழுத்து ஓரம் போன்ற வளைவான இடங்களுக்கு மட்டும் சாய்வாக வெட்டிய கீற்று ஏற்றது. அது வளைந்து கொடுக்கும்.

3. சுருக்கம். பழைய ஆடையில் புதுத்துணியை ஒட்டுப் போட்டால் ஒட்டு சுருங்கி, பழைய துணியை இழுத்து, கிழிசல் பெரிதாகும் என்று இயேசு பெருமான் உவமை கூறியதை மாற்கு நற்செய்தியின் 2-ஆம் அதிகாரத்தில் படித்திருக்கிறீர்கள். கேட்டவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்த வீட்டு அனுபவம். அதனால்தான் உவமை அவர்கள் உள்ளத்தில் பதிந்தது. இதற்குக் காரணம் என்ன? தறியில் இழைகள் விறைப்பாக இழுக்கப்பட்ட நிலையில் நெய்யப்படுகின்றன. கஞ்சியும் அவற்றை விறைப்பாகவே வைத்திருக்கிறது. துணி முதன்முறை நனையும்போது அந்த இழுப்புத் தளர்கிறது, துணி சுருங்குகிறது. பழைய துணி முன்பே சுருங்கி முடித்துவிட்டது. ஆகவே ஒட்டுப் போடப் பழந்துணியே நல்லது. புதுத்துணிதான் உண்டு என்றால், அதனை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, அலசி, உலர்த்தித் தேய்த்த பின்னரே வெட்ட வேண்டும்.

பழுது பார்க்கும் முறைகள்

சின்னஞ்சிறு கிழிசலை அன்றே தைத்துவிட்டால் ஆடை நெடுநாள் உழைக்கும். வீட்டில் நாமே செய்யக்கூடியவை சில:

அ. வளரும் பிள்ளைக்கு மடிப்பு. சிறுமியருக்குப் பாவாடை தைக்கும்போது விளிம்பிற்குச் சற்று மேலே, 'டக்' என்று தையற்காரர் சொல்லும் மடிப்பை இரண்டு மூன்று வரிசை வைத்துத் தைப்பது நம் வழக்கம். பிள்ளை வளர வளர ஆண்டுக்கு ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டால் அதே பாவாடை இரண்டு மூன்று ஆண்டு வரும். பிரித்த இடத்தில் அழுத்தமான கோடு தெரிந்தால், அதன்மேல் ஒரு லேஸோ நாடாவோ வைத்துத் தைத்து மறைக்கலாம்.

ஆ. நடுவில் நைந்த படுக்கை விரிப்பு. விரிப்பு நடுப்பகுதியில்தான் முதலில் நையும். ஓரங்கள் புதிதாகவே இருக்கும். அதனை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, ஓரங்கள் இரண்டையும் நடுவில் சேர்த்துத் தைத்து, நைந்த பக்கங்களை ஓரமாக்கி மடித்துத் தைத்துவிட்டால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். இரண்டாம் உலகப் போரின்போது துணிப் பங்கீடு நடைமுறையில் இருந்த இங்கிலாந்தில் இல்லத்தரசிகள் இம்முறையைப் பெரிதும் கையாண்டனர். நம் நாட்டிலும் 1943-இல் துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அக்காலத்தைக் கண்டவர்கள் ஒரு முழத் துணியையும் வீணாக்க மனம் கொள்ளவில்லை.

இ. காலர் திருப்புதல். சட்டையில் முதலில் தேய்வது காலரின் மடிப்பு ஓரமே. காலரைக் கவனமாகப் பிரித்தெடுத்து, தேய்ந்த பக்கம் உள்ளே போகுமாறு திருப்பி மீண்டும் பொருத்தினால் சட்டை புதிதுபோல் ஆகிவிடும்.

ஈ. இழையோட்டுதல். சிறு ஓட்டைக்கு ஒட்டு வேண்டியதில்லை. துணியின் நிறத்திலேயே நூல் எடுத்து, முதலில் பாவின் திசையில் நெருக்கமாக இழைகளை ஓட்ட வேண்டும். பின் ஊடையைப்போல் ஒன்றன்மேல் ஒன்றன்கீழ் என மாற்றி மாற்றிக் குறுக்கே ஓட்ட வேண்டும். ஊசியாலேயே ஒரு சிறு நெசவு நெய்கிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். நூலை இறுக்கி இழுத்தால் துணி சுருங்கும். இதுவே கவனிக்க வேண்டியது.

ஒட்டுத்துணிப் போர்வை செய்யும் முறை

நம் ஊர் வெயிலுக்குப் போர்வை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மார்கழிப் பனிக்கும், ஆனி ஆடியில் மேற்குமலைக் கணவாய் வழி வீசும் காற்றுக்கும் மெல்லிய போர்வை வேண்டும்தானே? மேலும் தரையில் விரித்துப் படுக்கவும், குழந்தையைக் கிடத்தவும் அது உதவும். துணி அடுக்குகளுக்கு இடையே காற்று அசையாமல் தங்குகிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால்தான் கனத்த துணி ஒன்றைவிட மெல்லிய துணிகள் நான்கின் அடுக்கு அதிகக் கதகதப்பைத் தருகிறது.

4 அடி நீளமும் 3 அடி அகலமும், அதாவது 48 அங்குலமும் 36 அங்குலமும், உள்ள ஒரு சிறு போர்வையைச் செய்வோம்.

தேவையான பொருள்கள்: பழைய பருத்திச் சேலை 1, மேற்பக்கத்திற்குப் பல நிறத்துப் பருத்தித் துண்டுகள், தையல் நூல், நீண்ட மெல்லிய ஊசி, கத்தரிக்கோல், அங்குல நாடா, அட்டை, பென்சில்.

சேலையைப் பிரித்தல்: சேலை சாதாரணமாக 5½ கெஜம், அதாவது 198 அங்குல நீளமும், ஏறத்தாழ 45 அங்குல அகலமும் இருக்கும். தரையில் உரசும் கீழ் ஓரமும், இடுப்பில் செருகும் இடமும் நைந்திருக்கும். வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்தால் நைந்த இடம் தெரியும். கீழ் ஓரத்தில் 4 அங்குலத்தை நீக்கிவிட்டால் 41 அங்குல அகலம் கிடைக்கும். இதில் 52 அங்குல நீளத்தில் மூன்று துண்டுகள் வெட்டினால் 156 அங்குலம் செலவாகும். நைந்த பகுதி உள்ள துண்டை நடுவில் மறைத்து வைக்கலாம். மிஞ்சும் 42 அங்குலத்தில் 2½ அங்குல அகலக் கீற்றுகள் ஐந்தினை ஓரம் கட்ட எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் சுமார் 29 அங்குலம் மிஞ்சும். ஒரு தலையணை உறைக்கு அது போதும்.

சதுரங்கள்: அட்டையில் 7 அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் அரை அங்குலம் தையலுக்குப் போக, தைத்த பின் 6 அங்குலம் நிற்கும். நீளத்தில் 8, அகலத்தில் 6 என மொத்தம் 48 சதுரங்கள் வேண்டும். பெரியவர் சட்டை ஒன்றின் முதுகுப் பகுதியில் மட்டும் 8 சதுரங்கள் வரை கிடைக்கும். தம்பியின் சட்டை, தங்கையின் கவுன், பாட்டியின் சேலைத் தலைப்பு எனப் பலவற்றையும் சேருங்கள். நைந்த துணியும் கெட்டித் துணியும் அடுத்தடுத்து வேண்டாம். கெட்டித் துணி மெல்லியதைக் கிழித்துவிடும்.

அடுக்கிப் பார்த்தல்: தைப்பதற்கு முன் 48 சதுரங்களையும் பாயில் பரப்புங்கள். கருநிறத்தை அடுத்து வெளிர்நிறம் வருமாறு மாற்றி மாற்றிப் பாருங்கள். எட்டி நின்று கண்ணைச் சிறிது சுருக்கிப் பார்த்தால் எந்த மூலை கனத்துத் தெரிகிறது என்பது விளங்கும். இந்தப் பொழுது வீண் பொழுது அன்று. போர்வையின் அழகு முழுவதும் இங்கேதான் உருவாகிறது.

இணைத்தல்: ஒரு வரிசையில் உள்ள 6 சதுரங்களை முதலில் இணைத்து, அவ்வாறே 8 வரிசைகள் செய்யுங்கள். பின் வரிசைகளை ஒன்றோடொன்று இணையுங்கள். கையால் தைப்பவர் ஓடு தையல் இட்டு, நாலைந்து தையலுக்கு ஒரு பின் தையல் போட்டால் உறுதியாக இருக்கும். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் தையலை ஒரு பக்கமாகப் படிய வைத்துத் தேய்த்துவிட வேண்டும்.

அடுக்குதல்: சேலைத் துண்டுகள் மூன்றையும் சுருக்கமின்றித் தரையில் விரித்து, அவற்றின்மேல் சதுரங்களை இணைத்த துணியை நடுவாக வையுங்கள். நடுவிலிருந்து நான்கு திசையிலும் கையால் நீவிவிட்டு, பெரிய தற்காலிகத் தையல்களால் அடுக்குகளைப் பிணையுங்கள்.

ஓடு தையல்: இப்போது நீளவாக்கில் 2 அங்குலத்திற்கு ஒரு வரி வீதம் தையல் ஓட்ட வேண்டும். 36 அங்குல அகலத்திற்கு 17 வரிகள் வரும். நடுவரியில் தொடங்கி இருபுறமும் செல்லுங்கள். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் துணி குமிழ்போல் எழும். சித்திப் பெண்கள் ஓரத்திலிருந்து நடுவுக்குச் செல்கிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் துண்டுகளை அடித்துணியின்மேல் ஒவ்வொன்றாகப் படியவைத்துத் தைத்துக்கொண்டே போவதால் அவர்களுக்கு அத்தொல்லை இல்லை. அவரவர் முறைக்கு அவரவர் வழி சரியே.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 17 வரி, வரிக்கு 48 அங்குலம் என்றால் 816 அங்குலம். அங்குலத்திற்கு 5 தையல் என்றால் 4,080 தையல்கள்! மலைத்துவிடாதீர்கள். ஒரு வரிக்கு அரை மணி நேரம் என்று வைத்து, மாலையில் நாள்தோறும் ஒரு வரி தைத்தால் 17 நாளில் முடிந்துவிடும்.

ஓரம் கட்டுதல்: தற்காலிகத் தையலைப் பிரித்துவிட்டு, மிஞ்சிய ஓரங்களை மேற்பக்கத் துணிக்குச் சமமாக வெட்டுங்கள். ஐந்து கீற்றுகளையும் இணைத்து ஒரே நாடாவாக்கி, மேற்பக்கத்தில் அரை அங்குலம் உள்ளே தைத்து, பின்பக்கம் திருப்பி, நுனியை உள்மடித்து ஹெம்மிங் செய்யுங்கள். விரும்பினால் நான்கு மூலைகளிலும் சித்திப் பெண்களைப்போல் ஒரு பூ வையுங்கள்.

ஒரு சொல் எச்சரிக்கை: குழந்தைக்குரிய போர்வையில் பொத்தான், மணி, கண்ணாடி எதுவும் தைக்கலாகாது. அவை பிய்ந்தால் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். வேலை முடிந்ததும் ஊசிகளை எண்ணிப் பார்த்தே எழுந்திருக்க வேண்டும்.

தையல் தரும் செல்வம்

மாணவியரே, இத்தனை உழைப்பு எதற்கு, கடையில் ஒரு போர்வை வாங்கிவிடலாமே என்று தோன்றலாம். வாங்கலாம்தான். ஆனால் கடைப்போர்வையில் தாத்தாவின் சட்டை இருக்காது. அம்மா கல்யாணமான ஆண்டில் கட்டிய சேலை இருக்காது. வீட்டுப் போர்வையைப் போர்த்தும் குழந்தை ஒவ்வொரு சதுரத்தையும் தொட்டு, "இது யாருடையது?" என்று கேட்கும். அப்பொழுது குடும்பத்தின் கதை அதற்குத் தெரியவரும்.

பொருளாதாரப் பயனும் சிறிதன்று. ஊசி பிடிக்கத் தெரிந்த பெண்ணுக்கு உள்ளூரிலேயே வேலை உண்டு. நம் மாநிலத்தில் பள்ளி மாணவருக்கு அரசு வழங்கும் விலையில்லாச் சீருடைகளை மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் தைத்துக் கொடுக்கின்றனர். கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற மகளிருக்கும் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின் கீழ்த் தையல் இயந்திரம் இலவசமாக அளிக்கப்படுகிறது. கணவனை இழந்தபின் ஒரு தையல் மிஷினைக் கொண்டே மக்களைப் படிக்க வைத்த தாய்மார் நம் தெருவிலேயே இல்லையா? படிப்பைக் கைவிட்டுத் தையல் கற்க வேண்டும் என்று சொல்லவில்லை. படிப்போடு இதுவும் கையில் இருந்தால் வாழ்க்கையில் எந்தப் புயல் வீசினாலும் நிற்க ஓர் இடம் இருக்கும் என்றே சொல்கிறோம். தம்பி, அண்ணன்மாருக்கும் ஒரு பொத்தான் வைக்கத் தெரிந்திருக்கட்டும். ஊசிக்கு ஆண், பெண் என்ற பேதம் இல்லை. சங்கரன்கோவில் கடைவீதியில் மிஷினில் அமர்ந்திருப்பவர்களில் எத்தனையோ பேர் ஆண்கள்தாமே?

எல்லாவற்றினும் முக்கியமான ஒன்றைச் சொல்லி முடிப்போம். ஒவ்வொரு வகுப்பிலும் அக்காவின் பழைய சீருடையை அளவு குறைத்து உடுத்தி வரும் மாணவி ஒருத்தியேனும் இருப்பாள். தோளிலோ இடுப்பிலோ ஓர் ஒட்டு இருக்கும். அவள் அதைப் புத்தகப் பையால் மறைத்துக்கொண்டு நிற்பாள். யாரோ ஒருத்தி சிரித்தால், அன்று முழுதும் பாடம் அவள் காதில் ஏறாது. சிரிப்பதற்கு முன் அந்த ஒட்டைச் சற்று உற்றுப் பாருங்கள். துணியின் நிறத்திற்கேற்ற நூலைத் தேடி எடுத்து, இழைக்கு இழை பொருத்தி, தையல் வெளியே தெரியாமல் தைத்திருக்கிறது ஒரு கை. பகலெல்லாம் தறியிலோ வயலிலோ தீப்பெட்டி ஆபீஸிலோ உழைத்துவிட்டு, இரவில் விளக்கடியில் அமர்ந்து அதைத் தைத்தவர் அவளுடைய தாய். அது வறுமையின் அடையாளம் அன்று, அன்பின் அடையாளம். அந்தத் தையலைப் பார்த்துச் சிரிக்காமல், "யார் தைத்தது? எனக்கும் சொல்லித் தருவார்களா?" என்று கேட்கும் மாணவியே தையற்கலையின் முதற் பாடத்தைக் கற்றவள்.

விடுமுறைப் பயிற்சி

1. உங்கள் வீட்டுப் பழந்துணி மூட்டையைப் பிரித்து, பருத்தி, கலப்பு, செயற்கை என மூன்றாக வகைப்படுத்துக.

2. பாட்டியிடமோ அம்மாவிடமோ கேட்டு, அவர்கள் காலத்தில் பழந்துணியில் செய்த பொருள்கள் ஐந்தினை எழுதி வருக.

3. 60 அங்குல நீளமும் 42 அங்குல அகலமும் உள்ள போர்வைக்கு 6 அங்குலச் சதுரங்கள் எத்தனை வேண்டும்? 2 அங்குலத்திற்கு ஒரு வரி வீதம் நீளவாக்கில் எத்தனை வரிகள் ஓடும்?

4. பழைய வேட்டியில் 12 அங்குலச் சதுரத்தில் ஒரு பிடிதுணி தைத்து, பள்ளி திறக்கும் நாளில் கொண்டு வருக. அதன் ஒரு மூலையிலேனும் ஒரு பூ இருக்கட்டும்.